ஞாயிற்றுக்கிழமைகளின் மிச்சப் போத்தல்கள்

எங்கள் வீட்டில் வைனைக் குடிக்கத் தொடங்குவதற்கு முன், ஒரு குளிர்காலம் முழுக்க அதை மணந்து மட்டும் பார்த்தோம். சொன்னால் சிரிப்பீர்கள். நடந்தது அதுதான்.

அதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் எனக்கும் என் மனைவிக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. நான் முனகிக்கொண்டு கிடந்துவிட்டு எழும்பினேன். அவளும் எழும்பினாள், அவளுடைய மூக்கு எழும்பவில்லை. தேத்தண்ணியும் சுடுதண்ணியும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. டொக்டரிடம் கேட்டால், மணம் திரும்பி வரலாம், வராமலும் விடலாம், தினமும் விதவிதமான மணங்களை மணந்து பழகச் சொல்லுங்கள் என்றார். அதற்குமேல் கேட்டபோது தோளைக் குலுக்கினார்.

வேறு யாருக்கும் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இவள் மொன்றியலின் வில்லரேயில் எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து ஓடர் எடுத்துச் சமைக்கிறவள். பிறந்தநாள், சாமத்திய வீடு, அந்தியேட்டி என்று எங்கள் ஆட்கள் ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருந்தும் லொங்குய்யில் இருந்தும் வந்து சட்டி சட்டியாக ஏற்றிப்போவார்கள். சமைக்கும்போது ஒரு துளிகூட அவள் நாக்கில் வைக்க மாட்டாள். சாப்பிட வருகிறவர்களுக்கு முன் சமைத்தவள் வாய் வைத்தால் அது எச்சில், அவ்வளவுதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. அகப்பையைத் தூக்குவாள், ஆவியை மூக்கால் இழுப்பாள், உப்புக் காணாது என்பாள். உப்புக்கு ஏது மணம் என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு விளங்காதாம்.

ஆக, மூக்குப் போனதும் அவளிடம் மிஞ்சியது கண்ணும் கையும்தான். தூள் வறுக்கும்போது கருக விட்டாள். பிறகு இன்னொரு தடவையும் கருகியது. தாச்சியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, வருகிற ஓடர்களையெல்லாம் வேண்டாம் என்றாள். கேட்பவர்களுக்கு முதுகு நோ என்று சொல்லச் சொன்னாள். நானும் கூசாமல் சொன்னேன். ஒரு பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இது இனி வராட்டி நான் ஆர்?"

மிச்ச வெங்காயத்தை நான் எடுத்து உரித்தேன். உண்மையாகவே பயமாக இருந்தது.

நான் வேலை செய்வது பிரான்ஸின் தென்கோடியிலிருந்து வைன் எடுப்பிக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில். ருசி பார்க்கக் கொடுக்கும் போத்தல்களை உணவகங்களுக்குக் கொண்டுபோவேன், அங்கே கிளாஸ் அடுக்குவேன், மதாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். மதாம் என்றால் முதலாளி அம்மா. பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டே எந்தத் திராட்சைக்கு என்ன மணம் என்று எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் போத்தல்களில் மிஞ்சியதைச் சிங்கில் ஊற்றுவது வழக்கம். அவள் அப்படிக் கேட்ட வாரம், ஊற்றுவதற்கு முன், மனைவி மணந்து பழக வேண்டும் என்று நான் கேட்டேன், மதாம் தந்துவிட்டார், பிறகு வாராவாரம் தந்தார்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் கிளாஸ்களை வரிசையாக வைப்பேன். வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கும். ஹீட்டர் முணுமுணுக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கிளாஸாக மூக்கடியில் பிடிப்பாள். ஒன்றும் தெரியாது. என்ன இருக்கிறதென்று நான்தான் சொல்ல வேண்டும்.

பிக்பூல் என்றொரு வெள்ளை வைன். எலுமிச்சந்தோலும், கடல்தண்ணி பட்டுக் காய்ந்த கல்லும் என்று சொன்னேன். அவள் கண்ணைத் திறக்காமலே, அப்படியென்றால் நண்டு, என்றாள். உறைப்பைக் குறைத்து, முருங்கையிலை போட்டு, கடைசியில் முதற்பால் விட்டு இறக்க வேண்டுமாம். கிரெனாஷ் சிவப்பு, பழுத்த பழ மணம், மெல்லிய சூடு. அதற்குக் கத்தரிக்காய் பொரித்த குழம்பு. சிரா என்ற இன்னொரு சிவப்பு வைனுக்கு மிளகு மணம் என்றதும், மிளகு போட்டுப் பிரட்டிய ஆட்டிறைச்சிதானே என்று நான் முந்திக்கொண்டேன். மிளகுக்கு மேலே மிளகோ, உங்களைக் கேட்டால் சோற்றுக்குச் சோறுதான் கறி என்பீர்கள் என்று நக்கலடித்தாள். ஆட்டிறைச்சியைக் கரின்யானுக்கு வைத்தாள். அது பழைய கொடியில் காய்க்கிற கறுத்தத் திராட்சை, வைன் கொஞ்சம் முரடு, வெயிலில் காய்ந்த செடிகொடி மணம். முரட்டு வைனுக்கு எலும்போடு வெட்டின இறைச்சி. முஸ்கா என்ற இனிப்பு வைனுக்கு, முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பம்.

அடுப்பு மூட்டவில்லை, ஒரு சட்டியும் ஏறவில்லை. ஆனாலும் அந்தக் குசினியில் ஒரு விருந்து நடந்துகொண்டிருந்தது. அவள் இல்லாத கறியைக் கிண்டுவாள், நான் அவளுக்கு எட்டாத மணத்தை எடுத்துக் கொடுப்பேன். யன்னல் கண்ணாடியில் மூச்சுப் புகார் படிந்து வெளி மறைந்துவிடும். அந்த வைன் வருகிற திராட்சைத் தோட்டம் இருக்கிற கடற்கரையை நாங்கள் இருவரும் கண்டதில்லை. அப்படியிருந்தும் அந்த நேரத்தில் நாங்கள் மொன்றியலில்தான் இருந்தோம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. வெளிச்சம் மங்கும்போது எழுந்து கிளாஸ்களைக் கழுவி வைப்போம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒருநாள் எரியுது எரியுது என்று துள்ளி எழும்பினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்பு சில்லென்று கிடந்தது. மூக்கு சிலவேளை இப்படிப் பொய் சொல்லும் என்றார் டொக்டர். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு பயங்கள். வராமல் போய்விடுமோ என்பது ஒன்று. வந்தாலும் அது மெய்யா பொய்யா என்று எப்படித் தெரியும் என்பது மற்றது.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. நண்டும் பிக்பூலும், ஆடும் கரின்யானும் என்று இவள் சொன்னதையெல்லாம் மதாமிடம் கொட்டியிருந்தேன். மதாம் அதை, அந்த வைனைச் செய்கிற திராட்சைத் தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறார். பனி கரைந்த பிறகு அந்தத் தோட்டக்காரரே மொன்றியலுக்கு வந்தார். வந்தவர் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் போகமாட்டாராம். வீட்டுக்கு வருகிறேன் என்கிற மனிதனிடம் வேண்டாம் என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. வாருங்கள் என்றுவிட்டேன்.

"என்ர மூக்கைக் கேட்டனீங்களோ?" என்றாள் அவள்.

ஆனால் சமைத்தாள். நான் சட்டிக்குச் சட்டி குனிந்து மணந்து அவளுக்குச் சொன்னேன். தூள் வறுபட்டுவிட்டது, தேங்காய்ப்பால் கொதிக்கிறது, இறைச்சி வெந்துவிட்டது. உப்பு மட்டும் எனக்கு மணக்கவில்லை. ஒரு துளி நக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, விருந்தாளி இன்னும் வாய் வைக்கவில்லை என்று அகப்பையைப் பறித்துவிட்டாள்.

மதாமும் தோட்டக்காரரும் வந்தார்கள். பெரிய கைகளும் சின்னக் குரலும் உள்ள மனிதர். நண்டில் முதல் வாய் எடுத்ததும் எனக்கு விளங்கிவிட்டது, உப்பே இல்லை. அவர் ஒரு மிடறு பிக்பூல் குடித்தார், திரும்ப நண்டைச் சப்பினார், இந்த வைனில் இருக்கிற உப்பு இதற்காகத்தான் காத்திருந்தது என்றார். மரியாதைக்குச் சொன்னாரோ மனதாரச் சொன்னாரோ, அந்த மனிதன் நல்லா இருக்க வேண்டும்.

ஆட்டிறைச்சி வந்தபோது, தான் பிரான்ஸிலிருந்து பெட்டிக்குள் உடுப்பால் சுற்றிக் கொண்டுவந்த கரின்யானை எடுத்தார். அவருடைய தோட்டத்தில் மிகப் பழைய கொடிகளின் வைன். திறந்து, முதல் கிளாஸ் சமைத்தவருக்கு என்று அவளிடம் நீட்டினார். அவள் கூச்சத்தோடு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் கண்ணை மூடி மூக்கடியில் பிடித்தாள்.

முகம் மாறியது. கிளாஸை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இது மணக்குது."

என்ன மணம் என்று கேட்டேன்.

"நனைஞ்ச சாக்கு. மழையில கிடந்த சாக்கு." கிளாஸை என் பக்கம் தள்ளினாள். "அண்டைக்கு எரிஞ்ச மாதிரிப் பொய்யோ? எனக்காண்டிச் சொல்லாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

நான் மணந்தேன். எனக்கும் சாக்குத்தான் தெரிந்தது. ஆனால் அப்படி இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்கினேன் என்றால், என் மூக்கையே என்னால் நம்ப முடியவில்லை. கிளாஸைத் தோட்டக்காரரிடம் கொடுத்து, மனைவிக்கு நனைந்த சாக்கு மணக்கிறதாம் என்று பிரெஞ்சில் சொன்னேன். மதாமின் முகம் இருண்டுபோனது. கடல் கடந்து போத்தல் கொண்டுவந்தவரிடம் சொல்கிற கதையா இது?

அவர் மணந்தார். திரும்பவும் மணந்தார். தோள்கள் இறங்கிவிட்டன. தக்கை பழுதானால் வைன் இப்படித்தான் சாக்கு மணக்கும், எப்போதாவது ஒரு போத்தலுக்கு நடக்கும், அது இந்தப் போத்தலாகவா இருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டார்.

"தக்கை பழுதாம்," என்று அவளிடம் சொன்னேன். "அவருக்கும் சாக்குத்தான் மணக்குதாம். மெய்தான். நீர் சொன்னது மெய்தான்."

அவள் கதிரையில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். பாவம் தோட்டக்காரர், வைன் பழுதானதற்குத்தான் அழுகிறோம் என்று நினைத்து மேலும் மன்னிப்புக் கேட்டார். போத்தலை எடுத்துக்கொண்டு சிங்கடிக்குப் போனார். அவள் பாய்ந்து போய் அவருடைய கையைப் பிடித்தாள். பிற ஆம்பிளைக்குக் கை கொடுத்தே அறியாதவள்.

"ஊத்த வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அது எனக்கு வேணும்."

அவர் போத்தலைக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்திருந்த இன்னொரு கரின்யான் போத்தலைத் திறந்தார். அது அருமையான வைன் என்று மதாம் சொன்னார். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழுதான போத்தலை இரண்டு கையாலும் மூக்கோடு பிடித்துக்கொண்டு, சாக்கு, சாக்குத்தான் என்று எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.