குவிந்த ஐந்து விரல்

இன்று காலை சோஹாரில், மகளின் பள்ளி வாசலில் அவசரப்பட்டு ஹாரன் அடித்துவிட்டேன். ஓமானியக் காவலாளி ஐந்து விரல்களையும் மேல்நோக்கிக் குவித்து ஆட்டினார். அவ்வளவுதான், எனக்கு ஏழு வயதாகிவிட்டது!

சவுதியின் அல் கோபாரில், பன்னாட்டுப் பள்ளியில் முதல் நாள் வகுப்பு. பக்கத்தில் எகிப்துக்காரி ஹனான். அவளுடைய கலர் பென்சிலுக்குக் கை நீட்டினேன். அவள் இப்படித்தான் விரல்களைக் குவித்தாள். நமக்கு அது சோற்றுக் கவளம் அல்லவா? பசிக்கிறது போல என்று டிபனைத் திறந்து, மிளகாய்ப்பொடி இட்லியை அவள் வாயிலேயே ஊட்டிவிட்டேன். கண்ணீர் வழிய இருமினாள்.

யாழ்ப்பாணத்து டீச்சர் ஓடி வந்தார். "அவ கொஞ்சம் பொறுக்கச் சொன்னவ, பிள்ளை!"

திட்டு விழும் என்று நினைத்தேன். அவரோ புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் சைகையாலேயே எப்படிப் பேசுவீர்கள் என்று ஒவ்வொருவரையும் காட்டச் சொன்னார். பிலிப்பைன்ஸ் பையன் உதட்டைக் குவித்தே திசை காட்டினான். நான் தலையாட்டியதும், அது ஆமாவா இல்லையா என்று வகுப்பே சண்டை போட்டது! மறுநாள் ஹனான் மறுபடி விரல் குவித்தாள். இந்த முறை இட்லிக்கு.

"மம்மி, அங்கிளுக்குப் பசிக்குது." பின்சீட்டில் மகள் டிபனைத் திறந்துவிட்டாள்.

நான் திருத்தவில்லை.

"பொடி தொடாததாப் பாத்துக் குடுடீ!"