ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் ஆள் காணாது

எங்கள் பள்ளிக்கூடம் அப்போது இரண்டு கிடுகுக் கொட்டில். எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும்.

கிளிநொச்சிப் பக்கம் குடியேறி நாலைந்து வருடம் இருக்கும். தங்கச்சி எட்டில் இருந்தாள். நன்றாகப் படிப்பாள். ஒன்பதுக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். அப்பு சொல்லிவிட்டார்:

"பெட்டையைத் தனிய விடமாட்டன். படிச்சது காணும்."

இங்கேயே ஒன்பது வந்தால்தான் அவளுக்குப் படிப்பு. அதற்கு இருபது பிள்ளைகள் வேண்டும். பத்தொன்பதுதான் சேர்ந்தது. எண்ணிப் பார்க்க மறுநாள், பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார். பெரிய வாத்தியார் என்னைத் தேடி வயலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நாளைக்கு ஒரு நாள் வந்து பிள்ளையளோட வாங்கில இரு."

"எனக்கு இருபத்தொரு வயது, வாத்தியார்."

"மீசையை வழி. பதினாறு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் வழித்தேன். தங்கச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்று சோறே தின்னவில்லை. அவ்வளவு சிரிப்பு.

வித்தியாதரிசி வந்தார். இடாப்பில் பெயர்களைப் பார்த்தார், தலைகளை எண்ணினார். இருபது. போயிருக்கலாம். போகவில்லை. கணக்குக் கேட்டார். அதுவும் என்னிடம்.

"ஒரு வயலை ரெண்டு பேர் நாலு நாளில உழுவினம். நாலு பேர் எத்தனை நாளில உழுவினம்?"

எழும்பினேன். முழங்கால் வாங்கில் இடித்தது.

"எருமையோ ஐயா, மாடோ?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

"எருமையெண்டு வையன்."

"எருமை பத்து மணிக்கே குளத்தில போய்ப் படுத்திடும் ஐயா. நாலு பேரில ஒருத்தர் சோறு சமைக்கப் போகவேணும். மூண்டு நாள் வையுங்கோ."

அவர் என் கையைப் பார்த்தார்.

"நீ எத்தனை ஏக்கர் செய்யிறாய்?"

"மூண்டு, ஐயா."

வாய் முந்திவிட்டது. வித்தியாதரிசி இடாப்பை மூடினார். வாத்தியாரிடம் சொன்னார்:

"ஒன்பதைத் தாறன். ஆனா மாதாமாதம் வருவன். இந்தப் பிள்ளை வாங்கில இல்லையெண்டா வகுப்பும் இல்லை."

"ஓம் ஐயா. படிக்க நல்ல விருப்பமுள்ள பிள்ளை."

அந்த வருடம் முழுக்க விடிய முதல் உழுதேன். பிறகு குளித்து, மீசை வழித்து, ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். வீட்டுக் கணக்கெல்லாம் தங்கச்சிதான் செய்து தந்தாள். சோதனையில் அவள் முதலாம் பிள்ளை. நான் கடைசிப் பிள்ளை.

பத்தாம் வகுப்புக்கும் ஆள் காணாதென்று, பெரிய வாத்தியார் என்னையும் ஏற்றிவிட்டார்.