கயிற்றில் சாய்ந்து நின்றவர்

என் கணவருக்குக் குத்துச்சண்டை என்றால் உயிர். கல்லூரியில் ஒரு வருடம் கையுறை மாட்டிப் பழகியிருக்கிறார். மூக்கு உடைந்ததும் விட்டுவிட்டார். ஆசை மட்டும் போகவில்லை. உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு பழைய சண்டையைப் பற்றிக் கல்யாணமான புதிதில் என்னிடம் அவர் பேசாத நாள் குறைவு. கதை முடிந்தவர் என்று எல்லோரும் நினைத்த ஒருவர், அதுவரை யாரிடமும் தோற்காத இளம் சாம்பியனை வீழ்த்திய சண்டை. என் கணவர் அதைப் பத்திரிகைப் படங்களில்தான் பார்த்திருந்தார். ஒருமுறையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்பார்.

எங்கள் தெருக் கேபிள்காரருக்கு அந்த கேசட் எங்கிருந்தோ கிடைத்தது. "சார், ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம ரூமுக்கு வந்துருங்க. நீங்க வந்தாத்தான் போடுவேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறுதான் போலியோ சொட்டு மருந்து நாளும்.

நான் பள்ளி ஆசிரியை. ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மருந்து முகாமுக்கு என்னைப் போட்டிருந்தார்கள். பணிக்குப் பிள்ளையைத் தூக்கி வரக்கூடாது என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. என் வகுப்பில் ஒரு சிறுமி இரும்புப் பட்டை மாட்டிய காலோடு வருவாள். பெஞ்சில் உட்காரும்போது முட்டியில் இருக்கும் பூட்டைக் கையால் தூக்கிவிடுவாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட நாளெல்லாம் வீட்டுக்கு வந்ததும் மகளின் இரண்டு கால்களையும் நீவிப் பார்ப்பேன். அதனால் சனிக்கிழமையிலிருந்தே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. காலைலயே போயிருங்க."

"இதோட எத்தனை தடவ சொல்லிட்ட? எம்பிள்ள இல்லையா அது?"

அதற்கு மேல் சொன்னால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். அன்று முழுக்க ஊரார் பிள்ளைகளின் வாயைத் திறந்து சொட்டு விட்டேன். விட்ட பிறகு இடக்கைச் சுண்டுவிரல் நகத்தில் மை வைக்க வேண்டும். மருந்து குடித்த பிள்ளை என்பதற்கு அதுதான் அடையாளம். "போன தடவ குடுத்தாச்சே டீச்சர், மறுபடியும் எதுக்கு?" என்று கேட்ட தாய்மாரிடமெல்லாம், எத்தனை தடவை கொடுத்தாலும் கெடுதல் இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன்.

நான் வீடு திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்தார். "பாரு, உம்மக மை வச்சுட்டா" என்று அவள் கையை நீட்டிக் காட்டினார். மை ஆள்காட்டி விரலில் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநொடியே நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். "அந்த முகாமுல புதுப் பொண்ணு யாரும் இருந்துச்சா? வெரல மாத்தி வச்சுருக்கு" என்றேன்.

"ஆமா, ஒரு சின்னப் பொண்ணுதான் இருந்துச்சு" என்றார். பிறகு சண்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எட்டாவது ரவுண்டைத் தலையணையை வைத்து நடித்துக் காட்டினார். மகள் கைதட்டினாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை, வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் அம்மா மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். விடுபட்ட பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வருகிறவர் அவர். நான்தான் மகளின் கையைப் பிடித்துக் காட்டினேன்.

"என்ன டீச்சர், பாப்பா ஓட்டுப் போட்டுட்டு வந்துருக்கா? யாருக்குப் போட்டா?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது. "புதுப் பொண்ணும்மா. வெரல மாத்தி வச்சுருச்சு." முந்தின நாள் நான் சொன்ன அதே வார்த்தைகள்.

அந்த அம்மா சாக்பீஸால் சுவரில் குறி போட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போனார். நான் மகளைக் குளிப்பாட்ட உட்கார்ந்தேன். சோப்புப் போட்டதும் அந்த விரலிலிருந்து நீலம் கரைந்து ஓடியது. முந்தின நாள் முகாமில் நான் வைத்த மை நகத்தில் கருத்துப்போய் வாரக்கணக்கில் நிற்கும். என் விரல் இடுக்கில் பட்டிருந்த அந்த மை அப்போதும் அப்படியே இருந்தது. பிள்ளையின் விரல் சுத்தமாகிவிட்டது.

துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மருந்து குடுத்தீங்களா, இல்லையா?"

முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "சண்டை முடிஞ்சதும் இன்னொரு கேசட் போட்டான். அப்படியே கண் அசந்துட்டேன். போறப்ப மூடிட்டாங்க. நீ பதறுவயேன்னுதான் கொஞ்சம் பேனா மைய..."

"நான் பதறுவேன்னு?"

"சரி, போன தடவ குடுத்ததுதான? ரெண்டு சொட்டு. அதுக்குப் போயி..."

நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. செருப்புக்கூட இல்லாமல் தெருவில் ஓடினேன். சந்து முனையில் அந்த அம்மாவைப் பிடித்துவிட்டேன். எனக்கு மூச்சிரைத்தது. "பாப்பாவுக்குக் குடுக்கல. வீட்டுல... மறந்துட்டாங்க" என்றேன். அவர் ஈரத் தலையோடு இருந்த பிள்ளையையும் என் காலையும் பார்த்தார். அங்கேயே பெட்டியைத் திறந்து சொட்டு விட்டுச் சுண்டுவிரலில் மை வைத்தார். "பயப்படாதீங்க டீச்சர், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு" என்றார்.

அவர் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. மருந்து தவறியது ஒரு பக்கம். சந்தேகப்படாமல் இருக்க நானே சொன்ன சாக்கை என் கணவர் அப்படியே எடுத்துக்கொண்டு, மறுநாள் வாசலில் வைத்து இன்னொருத்தியிடம் பயன்படுத்தினாரே, அதுதான் ஆறவில்லை. புதுப் பொண்ணா என்று நான் கேட்டிருக்கக் கூடாதோ, கேட்காமல் இருந்திருந்தால் அவராகவே உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்று இன்றைக்கும் தோன்றும். தோன்றிய மறுநிமிடம், இதில் என் தப்பு என்ன என்று கோபமும் வரும்.

அந்தச் சனிக்கிழமை கேபிள்காரர் அதே கேசட்டை அவருடைய சேனலில் போட்டார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் எதற்காகப் போனார் என்று பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரியவர் கயிற்றில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். இளையவர் அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ரவுண்டிலும் எதிராளி தளர்ந்து சாய்ந்திருப்பதாகவே அவர் நம்பினார். நம்பி நம்பியே கை ஓய்ந்துபோனார்.

"பாத்தியா, எப்படி ஏமாத்துறாரு பாரு! இதுதான் மூளை" என்றார் என் கணவர்.

எட்டாவது ரவுண்டில் சில குத்துகள். இளையவரின் அந்தப் பெரிய உடம்பு சுழன்றுகொண்டே மெதுவாக விழுந்தது. கூட்டம் துள்ளியது. நான் விழுந்தவரின் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் வலியைவிட, என்ன நடந்தது என்று புரியாத திகைப்புதான் அதிகம் இருந்தது.

"இவர் என்ன தப்புப் பண்ணாரு?" என்று கேட்டேன்.

"தப்பு என்ன தப்பு? நம்புனாரு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

அடுத்த சொட்டு மருந்து ஞாயிற்றில் எனக்கு மறுபடியும் அதே கிராமம். விடியற்காலையில் பால் பாட்டிலையும் மாற்றுத் துணியையும் பையில் வைத்தேன். மேற்பார்வையாளர் திட்டினால் திட்டட்டும் என்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரை அவரும் கூடவே வந்தார்.

"எங்கிட்ட விட்டுட்டுப் போயேன். வெயில்ல பிள்ள வாடிரும். இந்தத் தடவ மொத ஆளா நிப்பேன், சத்தியமா."

உண்மையாகவே சொன்னார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் கையை நீட்டினார். மகளும் அவரிடம் தாவப் பார்த்தாள். நான் அவளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.