கையைத் தூக்கச் சொன்னவர்

நாடகத்துறையின் செய்திகளும் சாதனைகளும் வருகிற வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் செய்தியும் வந்தது. மேலே, வடநாட்டில் நடந்த பல்கலைக்கழக நாடக விழாவில் நம் துறைக்குப் பரிசு என்ற அறிவிப்பு. படத்தில், மேடையில் நிற்பவர்களில் என் மகள் சுகந்தியும் ஒருத்தி. அதற்குக் கீழே, அவளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த தணிகாசலம் சார் காலமானார் என்று ஒரு வரி. பரிசுக்காகப் போட்ட கைதட்டல் படங்கள் அந்த வரிக்குக் கீழேயும் வந்து விழுந்துகொண்டிருந்தன.

நான் நம்பவில்லை. காரணம் இந்தக் குழுவில் இருக்கிற உங்களுக்கே தெரியும். போன வருடம் இதே குழுவில் சாரின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒன்று வந்தது. நான் விடுதியை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். துறை வாசலில் சார் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரொட்டி அவர்கள் போடவிருந்த நாடகத்துக்கு விளம்பரமாம். செத்துப்போகிற பெரியவர் வேஷம் அவருக்காம். “மாலை எனக்கா? குடுங்க, மேடைக்கு ஆச்சு” என்று கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

அதனால் இந்த முறை அவர் எண்ணுக்கே போன் போட்டேன். அவர் மகன் எடுத்து, “அப்பா போயிட்டாருங்க” என்றார். கரண்ட் போயிடுச்சு என்பதுபோல் தட்டையாகச் சொன்னார். நடிப்பாக இருந்தால் இவ்வளவு தட்டையாக யாரும் சொல்லமாட்டார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் சின்னதாக ஒரு விடுதி வைத்திருக்கிறேன். பத்தாவதை இரண்டு தவணையில் முடித்தவன். மன அமைதி தேடி வருகிறவர்கள் வெந்நீருக்காகப் போடுகிற சண்டையைத் தீர்ப்பது என் தொழில். வருகிறவர் யார், ஏன் வந்தார், சொன்ன நாளில் போவாரா என்று சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, கோயில் வாசலில் யாராவது விபூதி கொடுத்தால்கூட இது எதற்கு என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்படிப்பட்டவன் பெண்ணை நாடகம் படிக்க அனுப்பினேன். முதல் வருடமே அவள் தீபத்துக்கு வரவில்லை. ஒத்திகை என்றாள். எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து குவிகிற நாளில் பெற்ற பெண் வீட்டில் இல்லை. கூட்டம் வடிந்ததும் அவளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று கிளம்பினேன். தணிகாசலம் சாரை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

“பொண்ண இட்டுனு போக வந்தேன் சார்.”

“தாராளமா. காரணம்?”

“எப்பக் கேட்டாலும் ஒத்திகைன்னுது. இன்னா ஒத்திகையோ!”

“நம்பிக்கை இல்ல?”

“லாட்ஜ் நடத்துறவன் சார் நானு. ரெண்டு நாள்னு ரூம் எடுக்கறவன் எத்தினி நாள் இருப்பான்னு மூஞ்சப் பாத்தே சொல்லிடுவேன்.”

சார் எழுந்தே விட்டார். “உங்கள மாதிரி ஒரு ஆளத்தாங்க தேடிட்டு இருந்தேன்” என்று சொல்லி என்னை ஒத்திகை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். “எங்க பொய்யுனு தோணுதோ அங்க கையத் தூக்குங்க. காரணம்லாம் சொல்ல வேணாம்.”

சுகந்தி வந்தாள். இறந்துபோன தம்பியை நினைத்து அழுகிற அக்கா வேஷம். நன்றாக அழுதாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றுவலி என்று அழுவாளே, அதே அழுகை. கையைத் தூக்கினேன். என்னை முறைத்துவிட்டு மறுபடி அழுதாள். மறுபடி தூக்கினேன். “அப்பா, நீங்க வெளிய போங்க!” என்று கத்தினாள். சார் சிரிக்கவில்லை. “இன்னொரு வாட்டிம்மா” என்றார். அந்த முறை அவள் அழவே இல்லை. தம்பியின் சட்டையை எடுத்தாள், மடித்தாள், மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள். என் கை மடியிலேயே கிடந்தது.

அன்று நான் மட்டும்தான் ஊருக்குத் திரும்பினேன். பெண்ணைக் கூட்டிப்போகாமலிருக்க இந்த மனுஷன் எனக்கே ஒரு நாடகம் போட்டுவிட்டாரோ என்று செஞ்சி தாண்டும்வரை சந்தேகம். பிற்பாடு நேரிலேயே கேட்டேன். “பாதி நாடகம்தாங்க. மீதிப் பாதிக்கு நெசமாவே ஆள் தேவைப்பட்டுச்சு” என்றார்.

அதன்பிறகு புது நாடகம் எது என்றாலும் எனக்குப் போன் வரும். போய் உட்கார்ந்து கையைத் தூக்குவேன். பெரிய நிபுணன் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பும் வந்துவிட்டது. ஒருநாள் ஒரு மாணவர் குளிரில் நடுங்குவதாக நடித்தார். ரொம்ப ஜாஸ்தி என்று கையைத் தூக்கினேன். அவருக்கு நிஜமாகவே காய்ச்சல். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நான் நாற்காலிக்கு அடியில் ஒளிய இடம் தேடினேன். “உங்க கையும் சில நாள் பொய் சொல்லுங்க. அதையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க” என்றார் சார். அந்த மாணவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வதில்லை. நெற்றியைக் காட்டி, “தொட்டுப் பாத்துக்குங்க சார்” என்கிறார்.

துறைச் செய்திகளைக் குழுவில் போடுவதற்கு முன்னால் சார் எனக்குப் போனில் படித்துக் காட்டுவார். ஒருமுறை ‘அரங்கு நிறைந்த கூட்டம்’ என்று படித்தார்.

“நானும் இருந்தேனே சார். பக்கத்து சீட்ல என் பையும் குடையும்தான் உக்காந்துனு இருந்துச்சு.”

போனில் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு, ‘வந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள்’ என்று மாற்றிப் படித்தார். “இது?”

“இது சரி சார்.”

சமீபத்தில் அவர் திருவண்ணாமலைக்கு வந்தார். எப்போதும் மாடியில் மலை தெரிகிற அறைதான் கேட்பார். இந்த முறை, “கீழ ரூம் எதுனா இருக்குங்களா?” என்றார். அப்போதே எனக்கு உதைத்தது. டீ கொடுத்துவிட்டு, “உடம்பு எப்பிடி சார்?” என்றேன்.

“நல்லா இருக்கேங்க.”

நான் கையைத் தூக்கினேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்தார். சொல்லிக் கொடுத்த வித்தை தன் பக்கமே திரும்பியதில் அவருக்குச் சிரிப்பும் வந்திருக்க வேண்டும். “நல்லா இல்லீங்க. டாக்டர் நாளக் கம்மியாத்தான் சொல்றாரு” என்றார். அப்புறம், “சுகந்திக்குத் தெரிய வேணாம். விழாவுக்குக் கெளம்புற நேரம், புள்ளைங்க ஒடஞ்சுபோயிடும்” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மறுநாளே சுகந்தி போன் செய்தாள். “சார் அங்க வந்திருக்காராமே? எப்பிடிப்பா இருக்காரு?”

“நல்லா இருக்காரும்மா.”

“அப்பா, போன்ல உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றேன். நான் இப்பக் கையத் தூக்கினு இருக்கேன்.”

பஸ் பிடித்து வந்துவிட்டாள். கீழ் அறையில் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். விழாவுக்குப் போகமாட்டேன் என்று அவள் சொன்னதும், போகாவிட்டால் துறைச் செய்தியில் உன் பெயரைப் போடமாட்டேன் என்று அவர் மிரட்டியதும் வெளியே எனக்குக் கேட்டது. வெளியே வந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, “போறேம்பா” என்றாள். போனாள். நாடகம் போட்டாள். பரிசு வந்த அன்றுதான் அவர் போனார். எல்லாம் தெரிந்திருந்தும், அந்தப் பழைய சுவரொட்டியை நினைத்துத்தான் முதலில் நம்பவில்லை.

அவர் வீட்டுக்குப் போனபோது மகனிடம் ஒன்றுதான் கேட்டேன். பரிசுச் செய்தியைச் சார் பார்த்தாரா?

“பாத்துட்டுத்தாங்க போனாரு. லேசா சிரிச்சாரு.”

அதைச் சொல்லும்போது மகன் என்னைப் பார்க்கவில்லை, வாசல் செருப்புகளைப் பார்த்தார். முதலில் போனில் பேசிய அந்தத் தட்டைக் குரலும் இல்லை. என் வலது கை அசைந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். உங்க கையும் சில நாள் பொய் சொல்லும் என்று சார்தானே சொன்னார்.

ரயிலை விட்டு இறங்கி நேராக அங்கே வந்தாள் சுகந்தி. சார் படத்துக்கு மாலை போட்டாள். என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “பாத்தாராப்பா?” என்று கேட்டாள்.

“பாத்தாரும்மா. சிரிச்சாராம்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கூர்மையான கண் அவளுக்கு, சார் பழக்கியது. அவளுடைய கை எழும் என்று காத்திருந்தேன். எழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தூக்கத் தெரிந்த ஒரு கையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் தணிகாசலம் சார். அதைத் தூக்காமல் வைத்திருக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு என்பதை அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் கற்றுக்கொண்டேன். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.