ஒரே வேன் கண்ணாடியில் நானும் முருகேசனும்

1. வெயில்தான் என் லைட்

பிள்ளைகளா, வண்டியின் முன்கண்ணாடியில் கல் தெறித்தால் கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்பதில்லை. தெறித்த இடத்தில் சின்னக் குழி விழும். அதைச் சுற்றி மயிரிழை போல நாலைந்து கீறல் ஓடும். நாங்கள் அதை ஸ்டார் என்போம். குழிக்கு மேல் இன்ஜெக்டரை நிறுத்தி, உள்ளே இருக்கிற காற்றை இழுத்துவிட்டு, ரெசினை ஏற்றுவோம். ரெசின் என்பது ஒரு பசை, எண்ணெய் மாதிரி இருக்கும்; கீறல் நுனிவரை ஓடி நிறைந்தால் கீறல் கண்ணுக்குத் தெரியாது. யூவி என்கிற புற ஊதா வெளிச்சம் பட்டால்தான் இறுகும். ராஜபாளையத்தில் நான் செய்கிற வேலை இதுதான். ஆலங்குளம் பக்கம் கல் லாரிக்குப் பின்னால் போகிற வண்டிகள் இருக்கிறவரை எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

நான் லைட் வாங்கவில்லை. நம் ஊர் வெயிலிலேயே யூவி கொட்டிக் கிடக்கிறது. வண்டியை வெயிலில் நிறுத்தி ஏற்றுவேன், நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும்.

உங்கள் அம்மாவின் தங்கை வீட்டுக்காரர், உங்கள் சித்தப்பா முருகேசன், எனக்குப் பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே தொழிலை ஆரம்பித்தார். வந்ததும் ஒரு யூவி லைட் வாங்கினார். நீல வெளிச்சம் அடிக்கிறதைப் பார்க்கவே ஆட்கள் நின்றார்கள். என் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் ஊர் தாண்டி அங்கே போனார்கள். போதாததற்கு உங்கள் அம்மா வேறு, சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

“தங்கச்சி போன் பண்ணுனா. முருகேசன் தம்பி கடையில உக்கார எடமில்லையாம். நீங்களும் ஒரு லைட்ட வாங்குனா என்ன?”

அந்த லைட்டை நினைத்தாலே வயிறு எரிந்தது. என்னிடம் யோசனை கேட்டுத் தொழிலுக்கு வந்த மனிதர், என்னைவிடப் பெரிய ஆளாகத் தெரிந்தார்.

2. முதலாளி வைத்த பரீட்சை

எங்கள் ஊர் டிராவல்ஸ் முதலாளி ஒருவரிடம் நிறைய வேன்கள் உண்டு. எல்லா வேன்களின் கண்ணாடி வேலையையும் ஒரே ஆளிடம் விட நினைத்தார். அது கிடைத்துவிட்டால் வருடம் முழுக்கக் கவலை இல்லை. ஒரு வேனில் டிரைவர் பக்கம் ஒன்று, கிளீனர் பக்கம் ஒன்று என இரண்டு ஸ்டார் விழுந்திருந்தது. என்னையும் முருகேசனையும் ஒரே நாளில் வரச்சொன்னார்.

“ஆளுக்கு ஒண்ணு போடுங்கப்பா. யாரு போட்டது கண்ணுக்குத் தெரியலையோ அவருக்குத்தான் அம்புட்டு வேனும்” என்றார்.

முருகேசன் பஸ்ஸில் வரவேண்டும். அதற்குள் முடித்து முதலாளி கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. வேன் வெட்டவெளியில் நின்றது. சூட்டில் கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை. அப்படியே கிளீனர் பக்கம் இன்ஜெக்டரை மாட்டி ஏற்றினேன். காய்ந்த மிச்சத்தைப் பிளேடால் சுரண்டி, பாலிஷ் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவர் வந்து இறங்கினார். வந்தவர் புறங்கையால் கண்ணாடியைத் தொட்டார்.

“அண்ணே, கொதிக்குதே. ஷெட்டுக்குள்ள தள்ளிட்டுச் செத்த நேரம் ஆற விடுவோமா?”

“நான் முடிச்சாச்சு. ஒனக்கு வேணும்னா தள்ளிக்கோ” என்றேன்.

டிரைவரும் அவரும் தள்ளினார்கள். கண்ணாடி ஆறுகிறவரை முருகேசன் சும்மா உட்கார்ந்திருந்தார். முதலாளி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேலையை முடித்த எனக்கு டீ இல்லை, உட்கார்ந்திருந்தவருக்கு டீ.

பிறகு முருகேசன் கண்ணாடியின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு உள்ளே தலையை விட்டார். நான் எட்டிப் பார்த்தேன். ரெசினை ஏற்றினார், தளர்த்திக் காற்றை விட்டார், மறுபடி ஏற்றினார். லைட் பெட்டியிலேயே கிடந்தது. கீறல்களின் நுனி ஒவ்வொன்றாக மறைகிறவரை அவர் அதைத் தொடவே இல்லை. நுனி நிறைந்த பிறகுதான் இன்ஜெக்டரை எடுக்காமலே லைட்டை அடித்தார். கடைசியில் குழியில் ஒரு சொட்டு விட்டு, காற்றுப் படாமல் பிளாஸ்டிக் வில்லையை ஒட்டி, மறுபடி அடித்துச் சுரண்டினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வயிறெரிந்தது லைட்டைப் பார்த்து. அவருடைய வேலை முழுக்க இருட்டில் நடந்தது. வெயிலில் என் ரெசின் நுனிக்குப் போகும் முன்பே பாதி வழியில் இறுகியிருக்கும்.

3. தீர்ப்பு

முதலாளி வேனுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தார். என் பக்கத்தில் மூன்று நுனி மீன்முள் மாதிரி மினுங்கியது.

“கணேசா, நீ போட்டது இந்தா தெரியுது. முருகேசன் போட்டது எங்கப்பா?” என்றார்.

வேன்கள் எல்லாம் முருகேசனுக்கே போயின. கிளம்பும்போது முருகேசன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “அண்ணே, ஒங்க பக்கம் டிரில் போட்டு இன்னொருக்கா ஏத்திப் பாப்பமா?”

“காஞ்சது காஞ்சதுதான். விடு” என்றேன்.

நானும் தார்ப்பாய் வாங்கினேன். இப்போது கண்ணாடி ஆறாமல் இன்ஜெக்டரை மாட்டுவதில்லை. நுனி நிறையாமல் வெளிச்சம் காட்டுவதில்லை. எந்த வேலையாக இருந்தாலும் பிள்ளைகளா, அடுத்தவனுடைய கருவியைப் பார்த்து ஏங்காதீர்கள். அதை அவன் எடுக்காமல் இருக்கிற நேரத்தில் என்ன செய்கிறான் என்று பாருங்கள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. அந்த வேன் இன்னும் ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றால், டிரைவர் பக்கம் போய்க் குனிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடுவேன். இன்றுவரை முருகேசன் போட்ட அந்த இடம் எனக்கு அகப்படவில்லை.