ஸ்டிக்கர் பிய்த்த ஆறு பேட்டரிகள்

“இரு செவிகளும் கேளாதவர். பொதுமக்களுடன் உரையாடும் பணிக்கு உகந்தவர் அல்லர்.”

பஸ் நிலைய அலுவலகக் கோப்பில் அவளைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தது. காது மெஷின்களைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சோதித்தவர் எழுதியது. மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒருவரைப் பார்வையற்றவர் என்று சொல்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பதினொரு வருஷமாக அவள் உட்கார்ந்திருந்ததோ விசாரணைக் கவுன்ட்டரில். சக ஊழியர்கள் வைத்த பெயரும் ‘விசாரணை’தான். பயணிகளை இரண்டு தடவை சொல்ல வைப்பவர், காதில் ஒரு குறையுமில்லாத பக்கத்துக் கவுன்ட்டர்க்காரர்.

புதிதாக வந்த மேலாளர் அந்தக் கோப்பைத் தூசி தட்டினார். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமை அலுவலக அதிகாரி வந்து அரை மணி நேரம் பார்ப்பார் என்றும், திருப்தியில்லை என்றால் மறுநாளிலிருந்து அவளுக்குப் பார்சல் அறைதான் என்றும் சொல்லிவிட்டார். அங்கே பேசுவதற்கு மூட்டைகள் மட்டுமே உண்டு.

திங்கட்கிழமை காலை இரண்டு மெஷினும் ஓய்ந்து கிடந்தன. புது பேட்டரி எடுக்க டிராயரைத் திறந்தாள். ஆறும் ஸ்டிக்கர் இல்லாமல் பளபளவென்று வரிசையாக நின்றன. வேலை அவள் கணவருடையது என்று கேட்காமலே தெரிந்தது. நாளைய காலண்டர் தாளை இன்றே கிழிக்கும் மனிதர் அவர்.

“உனக்கு எதுக்குச் சிரமம்னு போன மாசமே பிச்சு வச்சேன்.” அவள் முகத்துக்கு நேராக நின்று, அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“பிச்ச உடனே காத்து உள்ள போய் அது வேலை செய்ய ஆரம்பிச்சிடும்ங்க. டிராயருக்குள்ளயே ஒரு மாசம் உழைச்சு ரிட்டயர் ஆயிடுச்சு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிய்த்த ஸ்டிக்கர்களையும் பத்திரமாக ஒரு தாளில் ஒட்டி வைத்திருந்தார். “திரும்ப ஒட்டிப் பார்க்கலாமா?”

ஒட்டினாலும் போன உயிர் வராது என்று அவள் சொன்னாள். மெஷினிலிருந்து வரும் குழாயின் முனையில் காதுக்குள் பொருந்தும் அச்சைக் கழுவியபடியே இன்னும் நிறையச் சொன்னாள். கடை திறக்கப் பத்தரை ஆகும். கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், ஆரஞ்சு ஸ்டிக்கரோடு ஒரே ஒரு பேட்டரி அகப்பட்டது.

பத்துக்குக் கால் மணி இருக்கும்போது கவுன்ட்டரில் அதைப் பிரித்தாள். காற்று ஏற ஒரு நிமிஷம் பொறுத்தாள். கொஞ்சம் நன்றாகக் கேட்கும் வலது காதுக்கு மாட்டினாள். சத்தமே இல்லை.

கழற்றி உள்ளங்கையில் பொத்தினாள். உயிரோடிருந்தால் மெஷின் விசிலடிக்க வேண்டும். கல் மாதிரி கிடந்தது. அச்சையும் குழாயையும் தனியே உருவிவிட்டு மறுபடி பொத்தினாள். உள்ளங்கையில் சன்னமாக அதிர்ந்தது. பக்கத்துக் கவுன்ட்டர்க்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்ததில் விசில் உறுதியாயிற்று. அப்படியானால் மெஷினில் கோளாறில்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் உட்கார்ந்திருந்தது. கணவரைத் திட்டும் மும்முரத்தில் அச்சை உலர்த்த மறந்தவள் அவள்தான். அவரிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்றும் அப்போதே தீர்மானித்தாள்.

கவுன்ட்டர் டிராயரிலிருந்த ரப்பர் ஊதியை வைத்து ஒரே அழுத்து. சொட்டு பதிவேட்டில் போய் விழுந்தது. மாட்டியதும் பஸ் நிலையம் மொத்தமும் ஹாரனும் இருமலும் குழந்தை அழுகையுமாக உள்ளே கொட்டியது. அந்த இரைச்சலை அவள் அவ்வளவு ஆசையாகக் கேட்டதேயில்லை.

வந்த அதிகாரி முணுமுணுப்பவர். சட்டைப் பொத்தானிடம் பேசுவது போலப் பேசினார். மேலாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “என்ன சார்?” என்று குனிந்துகொண்டிருந்தார். பத்தரைக்கு அதிகாரி எழுந்து எதையோ முணுமுணுத்தார்.

“என்ன சார்?” என்றார் மேலாளர்.

ஒருவருக்குப் பஸ் நேரம் சொல்லிக்கொண்டிருந்த அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “நான் இங்கயே இருக்கட்டும்ங்கறார் சார்.”

அந்த அரை மணி நேரத்தில் அவள் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு பத்தொன்பது பேருக்கு வழி சொன்னாள். ஒருவரையும் இரண்டாம் தடவை சொல்ல வைக்கவில்லை.