விண்ணப்பத்தில் விடுபட்ட பெயர்

பிறர் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவன் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

கன்னிவாடி மலைமேல் இருக்கும் புல்வெளியைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் வெகுநாள் ஆசை. மூட்டுவலி முற்றுவதற்குள் போய்விடலாம் என்றாள். குழந்தைகளும் ஏறக்கூடிய பாதைதான். வனத்துறை அனுமதிக்கு நானே விண்ணப்பம் எழுதினேன்.

அடிவாரத்தில் காவலர் அனுமதித் தாளைப் பார்த்தார்.

"ஆளு அஞ்சு பேரு வந்திருக்கீங்க, இதுல நாலு பேருதான சார் இருக்கு?"

நான், மகன், மருமகள், பேத்தி. மனைவியின் பெயரை எழுத மறந்திருந்தேன்.

"பரவால்ல சார், அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. இங்க யாரு வந்து எண்ணப் போறா?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். மகன் முறைத்தான். மனைவி சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

மேலே, சோலை மரங்களுக்கு அப்பால், புல்வெளி காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. பையைத் திறந்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எனக்கென்று உப்பில்லாத வெஞ்சனம் தனி டப்பாவில் இருந்தது. அவள் மறக்கவில்லை.

இறங்கி வந்ததும் காவலர் சொன்னார்: "செத்த தூரம் நானே கூட வாரேன்னு கூப்பிட்டேன் சார். அம்மா வரல."

"ஏன் போகல?" என்று அவளைக் கேட்டேன்.

"அப்புறம் உங்களுக்கு யாரு விளக்கம் எழுதிக் குடுக்கிறது?"

இப்போது அவளால் வீட்டு மாடிப்படிகூட ஏற முடியாது. போன மாதம் அவள் பெயரை முதலில் எழுதி, புது விண்ணப்பம் ஒன்றைக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தாள்.

"பிழை ஒண்ணும் இல்லங்க" என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.